வாய்விட்டுச் சிரிக்க ஒரு ஒப்பரேசன்

1

இந்த வாரத்தோடு எனக்கு ஒப்பரேசன் செய்து ஒரு வருடம். என்ன ஒப்பரேசன் என்று ஊரிலிருந்து வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது, அதைக் கீழ்வழியாலேயே எடுத்தார்கள். அதோடு சேர்ந்து சரிந்துபோயிருந்த மூத்திரப்பையை மேலே தூக்கித் தைத்தார்கள். கசியாமலிருக்க உள்ளே ஒரு நாடாவும் வைத்தார்கள். முதல் பிள்ளை பிறந்தபோது கிழிந்து, அவசரத்தில் தைத்து, அரைகுறையாக ஆறிய இடத்தையும் பிரித்து ஒழுங்காகத் தைத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே மேசையில், ஒரே காலையில்.

பாருங்கள், எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. முகம் சுளிக்கிற ஆண்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். ஆனால் போகமுன் ஒன்று. உங்கள் வீட்டிலும் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு “நாரி நோகுது” என்று சொல்லிக்கொண்டு திரிவாள். அவளுக்கு நோவது நாரிதானா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. கனடாவில் மோர்னிங்சைட் பக்கம் வீடு. இவரும் நானும்தான் இருக்கிறோம். மகன் கல்கரியில். மகள் தாரணி கணவனோடும் சின்னப் பிள்ளையோடும் டவுன்டவுனில். இன்று காலை பனி உறைந்து சறுக்குகிற நடைபாதையில் தனியே நடந்துபோய், நாலு லீட்டர் பால்பையை ஒரு கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தேன். இது ஒரு பெருமையா என்று கேட்காதீர்கள். போன வருடம் இதே நாளில் தேத்தண்ணி வைக்கிற கேத்தில் தூக்கவும் எனக்கு அனுமதி இல்லை.

2

என் சிரிப்பைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

வடமராட்சியில் நான் சிரித்தால் நாலு வேலி தாண்டிக் கேட்கும். அம்மா அதற்காக என்னை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறா. பெண் பார்க்க வந்த அன்று குசினிக்குள் தங்கச்சி ஏதோ சொல்ல, நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றா. கலியாணம் குழம்பிவிடுமென்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் விறாந்தையில் இருந்த மாப்பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சம்மதம் சொன்னாராம். இவர் பகிடிக்காரர். சிரிக்கிறதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

மகன் பிறக்கும்போதே பெரிய பிள்ளை. ஊரில் சண்டை நடந்த பிரச்சினையான காலம், ஆஸ்பத்திரியில் இருந்த ஒரேயொரு மிட்வைவ் தனியே நின்று பிள்ளையை எடுத்தா. என்னைத் தைத்ததும் அவதான். இருந்த நூலையும் இருந்த வெளிச்சத்தையும் வைத்துத் தைத்தா. அவவில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் பிள்ளையும் உயிரோடு வெளியே வந்தோம். பிறகு கனடா வந்து, பேக்கரிக் கொம்பனியில் மாமூட்டையும் இரும்புத் தட்டும் தூக்கி, தாரணியையும் பெற்று, அவள் தவழமுன்னமே திரும்ப வேலைக்குப் போனேன். வாடகை காத்துக்கொண்டு நிற்காதல்லவா.

அதற்குப் பிறகுதான் கீழே ஏதோ பாரமாக இழுக்கத் தொடங்கியது. பின்னேரமானால் ஒரு முட்டையை இடுக்கிக்கொண்டு நடக்கிறதுபோல இருக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். சரி, படுத்தால் சரிவருகிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

தாரணிக்கு மூன்று வயதிருக்கும்போது டோர்செட் பார்க்கில் ஒரு ஹோலில், பெரியபிள்ளையான பெட்டை ஒருத்திக்குச் சாமத்தியவீடு. கரும்பச்சைக் கூறைநாட்டுப் பட்டு உடுத்திருந்தேன். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது இவர் வழக்கம்போல ஒரு பகிடி விட்டார். நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க மூத்திரம் போய்விட்டது. கொஞ்சமாக அல்ல, சீலை நனைந்து செருப்பு வரைக்கும். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஹோலில் கதிரை அடுக்குகிற பெடியன்கள் வரும்வரைக்கும் அந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை. வடிவான பட்டு. பிறகு கனகாலம் நான் அதை உடுக்கவே இல்லை.

அன்றோடு சிரிப்பை நிறுத்தினேன். அதற்கும் பழக்கம் வேண்டும். பகிடி வருகிறது என்று தெரிந்தால் காலைக் குறுக்கே போட்டு, நாக்கைக் கடித்து, வேறெதையாவது நினைக்கவேண்டும். நான் கடன் கட்டுகிற கணக்கை நினைப்பேன். நல்லாகவே வேலை செய்தது.

“கனடா வந்து காசு கண்டவுடனை மலருக்குப் பெருமை பிடிச்சிட்டுது, பல்லுத் தெரியவே மாட்டனெண்டுது,” என்று இவரின் அக்கா பூமணி மச்சாள் ஊரெல்லாம் சொன்னா. சொல்லட்டும். நனைந்த சீலையை விட அந்தப் பேர் எவ்வளவோ மேல்.

3

நாங்கள் ஒரு பிழை விடுவோம். எங்கள் ஆட்கள்தான் அதை விடுவோம். குடும்ப டொக்டரைத் தேடும்போது தமிழ் டொக்டராகத் தேடுவோம். அதுவும் எங்கள் பக்கத்து ஆளாக. வாய் திறந்து வருத்தத்தைச் சொல்லலாமே என்று. எங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். நல்ல பிள்ளை. தகப்பன் இவரோடு படித்தவர். கோயிலில் காண்போம், கலியாணங்களில் ஒரே மேசையில் இருப்போம்.

பிறகென்ன? அவரிடம் எப்படிச் சொல்கிறது? திங்கட்கிழமை “கீழை இறங்குது தம்பி” என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை அதே தம்பிக்குப் பந்தியில் பாயசம் வார்க்கிறதா? பக்கத்துக் கதிரையில் இவரும் இருப்பார், டொக்டரோடு அரசியல் கதைத்துக்கொண்டு.

“சொல்லுங்கோ அன்ரி, என்ன செய்யுது?”

“நாரி நோகுது தம்பி.”

நாரிக்கு எக்ஸ்ரே எடுத்தார். நாரிக்குக் குளிசை, நாரிக்குப் பிசியோ, நாரிக்குப் பட்டி. பட்டியை இறுக்கிக் கட்டினால் வயிறு அமுங்கி, கீழே இன்னும் கொஞ்சம் இறங்கும். அந்தப் பிள்ளை பாவம், என் முதுகெலும்பை அவருக்கு மனப்பாடம்.

ஆண்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. இவருக்கு மூலம் வெட்டினபோது ஊர்வலம் மாதிரி ஆட்கள் வந்தார்கள். நடுவில் ஓட்டை போட்ட மெத்தையில் ராசா மாதிரி இருந்துகொண்டு, எங்கே வெட்டினது, எப்படி எரிந்தது, முதல் தரம் கக்கூசுக்குப் போனபோது எந்தெந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டது என்று வருகிற எல்லாருக்கும் முதலிலிருந்து சொல்வார். அவர்களும் ஹோர்லிக்சை வைத்துவிட்டு ஆவென்று கேட்பார்கள். புரொஸ்டேட் கதை என்றால் இன்னும் விசேஷம், கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்ட்டியிலேயே கதைப்பார்கள். தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிற எங்களுக்குத்தான் வாய் இல்லை.

4

அதை உடைத்தது தாரணிதான்.

அவளுக்குப் பிள்ளை பிறந்த அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, தேத்தண்ணிக்குச் சீனி காணுமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“அம்மா, எனக்கு ஸ்டிச்சஸ் போட்டிருக்கினம். உங்களுக்கும் டெயார் வந்ததா? உங்கட பெல்விக் ஃப்ளோர் இப்ப ஓகேயா?”

கிழிந்ததா, கீழே இப்போது சரியா என்று முப்பத்தைந்து வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெற்ற தாய் கேட்கவில்லை, கட்டினவர் கேட்கவில்லை, நாரி டொக்டர் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பால்குடிப் பிள்ளையை வைத்திருக்கிற பெட்டைக்கு முன்னால் இருந்து விக்கி விக்கி அழுதேன்.

என்ன நடக்கிறதென்று அவளுக்குச் சொல்லவும் தெரியவில்லை. என்னிடம் இருந்தது “கீழை” என்கிற ஒரேயொரு சொல். அவளுடைய தமிழில் அதுவும் இல்லை, நான்தானே அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள். கையால் காட்டினேன். விளங்கிக்கொண்டாள்.

வேறு ஒரு டொக்டரைப் பிடித்து, அங்கிருந்து ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் போய், அந்தக் கடிதம் துலைந்து, திரும்ப அனுப்பி, அவர்கள் போன் எடுக்கிற நேரமெல்லாம் நான் குளிக்கிற நேரமாக இருந்து, ஒரு மாதிரியாக நாள் கிடைத்தது. தாரணி பிள்ளையோடு வெளியே இருக்க, நான் மட்டும் உள்ளே போனேன்.

டொக்டர் ஒரு நெடிய வெள்ளைப் பெட்டை. தமிழுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லி மேசைப் போனை அமத்தினா. ஆண் குரல் ஒன்று வந்தது.

“வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர் கதைக்கிறன். நீங்கள் தயங்காமல் எல்லாத்தையும் சொல்லலாம்.”

கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பேச்சு. வாய் சும்மா இருக்குமா?

“தம்பி ஊரிலை எவடம்?”

சொல்லக்கூடாது என்று அவர்களுக்குச் சட்டம் இருக்கவேண்டும். கொஞ்சம் தயங்கினார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட எங்கள் ஆளால் முடியுமா? சொன்னார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். இன்னும் ரெண்டு கேள்வி கேட்டால் சொந்தமே வந்துவிடும்.

நான் போனைக் காட்டி, டொக்டரைப் பார்த்துச் சொன்னேன்: “நோ டமில். ஐ டெல் இங்கிலீஷ்.”

அந்தத் தம்பிக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டா. பிறகு நான் பேக்கரியில் இருபது வருடம் சேர்த்த இங்கிலீஷ் முழுவதையும் அந்த மேசையில் கொட்டினேன்.

“டொக்டர், சம்திங் கம்மிங் டவுன். லைக் எக். மோர்னிங் ஸ்மோல், ஈவினிங் பிக். ஐ லாஃப், யூரின் கம்மிங். சோ நோ லாஃப். மெனி மெனி இயர்ஸ், நோ லாஃப்.”

ஒரு மூச்சில் சொன்னேன். எனக்கே ஆச்சரியம். அந்த இங்கிலீஷ் சொற்களில் வெட்கம் ஒட்டியிருக்கவில்லை. அவற்றைச் சொன்னதற்காகச் சின்ன வயதில் யாரும் என் வாயில் அடித்ததில்லை. தமிழில் உதடுவரைக்கும் வந்து திரும்பிப் போன கதை, தெரியாத பாஷையில், தெரியாத பெட்டைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது.

படுக்கவைத்துப் பார்த்தா. “இருமுங்கோ” என்றா. இருமினேன், கசிந்தது. எனக்கு இருமல் பெரிய பிரச்சினை இல்லை டொக்டர், சிரிப்புத்தான் என்றேன். அவ சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்து, “இது வயது போனால் எல்லாருக்கும் வருவதுதானே என்று நீங்கள் பொறுக்கத் தேவையில்லை, இதற்கு வைத்தியம் இருக்கு” என்றா. வைத்தியம் செய்து உங்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டா.

“ஐ வோன்ட் லாஃப்.”

அதை அப்படியே கொம்பியூட்டரில் அடித்தா.

5

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். முதல் முறையாக எல்லாவற்றையும், பட்டுச்சீலைக் கதை உட்பட. கேட்டுக்கொண்டிருந்த மனுசனின் முகம் சுருங்கிப் போய்விட்டது.

“அப்ப நீர் என்னோடை கோவமில்லையோ?”

“என்ன கோவம்?”

“நான் பகிடி விட விட, நீர் உம்மெண்டு காலுக்கு மேலை காலைப் போட்டுக்கொண்டு மற்றப் பக்கம் பாப்பீர். உமக்கு என்னைப் பிடிக்காமல் போச்செண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்.”

இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தும் இந்த ஒரு விஷயம் எங்களுக்குள் போய்வரவில்லை. அன்று எனக்கு வந்த கவலை என் வருத்தத்துக்காக அல்ல, இவருக்காக.

முதலில் வளையம் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். ரப்பர் வளையல் மாதிரி, உள்ளே வைத்தால் இறங்குவதைத் தாங்கிப் பிடிக்கும். பலருக்கு அதுவே போதுமாம். எனக்கு முட்டை ஏறியது, ஆனால் கசிவு கூடியது. ஒருநாள் கக்கூசில் கொஞ்சம் முக்கினேன், டொப்பென்று தண்ணிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. கழுவி எடுத்துக்கொண்டு போய் டொக்டரின் மேசையில் வைத்தேன். ஒப்பரேசன் என்று முடிவாகியது.

முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நோ ஒன்றும் தெரியவில்லை. எழும்பினபோது உள்ளே துணி அடைத்திருந்தது, மூத்திரத்துக்குக் குழாய் போட்டிருந்தது. அடுத்தநாள் காலை இரண்டையும் எடுத்துவிட்டு, நீயாக மூத்திரம் போனால்தான் வீட்டுக்கு என்றார்கள். நர்ஸ் வயிற்றின் மேலே ஒரு கருவியை வைத்து, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்த்தா. மிச்சம் இல்லை. சோதினை பாஸ் பண்ணின பிள்ளை மாதிரி வெளிக்கிட்டேன்.

வீட்டில் ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது. இவர் அரிசிப்பையும் தூக்கினார், உடுப்புக்கூடையும் தூக்கினார். எல்லாம் நல்லாகத்தான் செய்தார், ஒன்றைத் தவிர. கேட்கிறவர்களுக்கெல்லாம் “மனுசிக்கு ஹேர்னியா ஒப்பரேசன்” என்று சொல்லிவிட்டார்.

“ஏனப்பா பொய்?”

“பின்னை நான் ஆம்பிளையளுக்கு உதை எப்பிடிச் சொல்லுறது?”

உங்கள் மூலத்தைச் சொன்னமாதிரிச் சொல்லுங்கோவன் என்றேன். மனுசன் குசினிக்குள் போய்விட்டார்.

முதலில் பார்க்க வந்தது பூமணி மச்சாள்தான். கையில் சட்டி. மூடியைத் திறக்க வீடு முழுக்கச் சரக்குக் கறி மணந்தது. பிள்ளை பெற்றவளுக்கு, உள்ளே புண் ஆறவென்று மல்லி, மிளகு, உள்ளி எல்லாம் அரைத்துக் காய்ச்சுகிற கறி. இவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் இருந்தா.

“ஹேர்னியாவுக்கு ஆரடி சரக்குக் காய்ச்சுறது எண்டு பாக்கிறியோ?” என்றா. “நீ எழும்பி நடந்த நடையைத் தாரணி வீடியோவிலை காட்டினவள். ஹேர்னியாக்காரி உப்பிடி நடக்கமாட்டாள். பிள்ளை பெத்தவள்தான் உப்பிடி நடப்பாள். சொல்லு, என்ன செய்தவங்கள்?”

இந்த முறை இங்கிலீஷ் உதவாது. தமிழில்தான் சொல்லவேண்டும். அதுவும், பெருமை பிடித்தவள் என்று என்னை ஊரெல்லாம் சொன்ன வாய்க்கு. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். கர்ப்பப்பை என்றேன். மூத்திரப்பை என்றேன். பிள்ளை வருகிற வாசல் என்றேன். ஒவ்வொரு சொல்லும் வெளியே வர வர என் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தச் சொற்களெல்லாம் எனக்கு முதலே தெரிந்திருக்கிறது, சொல்லிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மச்சாள் சட்டிமூடியைத் திருப்பித் திருப்பித் துடைத்தா.

“நானும் கனகாலமாத் துணி வைச்சுக்கொண்டுதான் திரியிறன், மலர். நயாகராவுக்கு பஸ் போகேக்கை வரமாட்டனெண்டு சொல்லுறது கால் நோவாலை எண்டோ நினைச்சாய்?” என்று கண்ணைத் துடைத்தா. பிறகு மெதுவாகக் கேட்டா, “எனக்கும் உப்பிடித் தைப்பினமோ?”

6

மச்சாளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவவுக்கு ஒப்பரேசன் தேவைப்படவில்லை, வளையமும் பயிற்சியும் போதுமாக இருந்தது. இந்த வருடம் நயாகராவுக்குப் போய் நனைந்துவிட்டு வந்தா, நீர்வீழ்ச்சியில்தான். அதற்குப் பிறகு ரெக்ஸ்டேலிலிருந்து ஒருத்தி போன் எடுத்தா. கோயிலில் ஒருத்தி செருப்பு வைக்கிற இடத்தில் வைத்துக் கையைப் பிடித்தா. எல்லாரும் தொடங்குவது ஒரே மாதிரித்தான்: “அக்கா, எனக்கும் நாரி நோ.” நான் கூடப் போய் உள்ளே நின்று கதைக்கிறேன். தமிழில் கேட்டு, இங்கிலீஷில் சொல்லி, திரும்பத் தமிழில் சொல்லுவேன். மேசைப் போனை யாரும் அமத்துவதில்லை. பேக்கரியில் தட்டுத் தூக்கின மலர் இன்றைக்கு ஸ்பெஷலிஸ்டுக்கு முன்னால் இருந்து எங்கள் பெண்களுக்காகக் கதைக்கிறாள். இதில் நான் பெருமைப்படுகிறேன். மச்சாள் முந்திச் சொன்னதை இப்போது உண்மையாக்கிவிட்டேன்.

குடும்ப டொக்டர் தம்பியிடமும் போய்த் தமிழிலேயே சொன்னேன். காது சிவந்துவிட்டது அந்தப் பிள்ளைக்கு. “நானெல்லோ கேட்டிருக்கவேணும் அன்ரி” என்றார். இனிக் கேளுங்கோ என்றேன். இப்போது நாரி நோ என்று வருகிற எங்கள் பெண்களிடம் அவர் முதலில் அதைத்தான் கேட்கிறாராம்.

எல்லாம் சரி. சிரிப்பு மட்டும் வரவில்லை.

ஒப்பரேசன் செய்த டொக்டர் சோதித்துவிட்டு எல்லாம் இறுக்கமாக இருக்கிறது, சிரியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டா. ஆனால் உடம்பு நம்பவேண்டுமே. இவர் பகிடி விட்டவுடன் கால் தானாகக் குறுக்கே போய்விடும், நாக்கைப் பல் பிடித்துவிடும், கடன் கணக்கு வந்துவிடும். வீட்டுக்கடன் கட்டி முடிந்தும் அந்தக் கணக்கு போகவில்லை. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் புன்னகைப்பேன். அவர் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். சிரிப்பை அவர்கள் எடுத்தெறிந்த கர்ப்பப்பையோடு சேர்த்து எறிந்துவிட்டார்களோ என்றுகூட எனக்கு ஒரு பயம் வந்தது.

போன சனிக்கிழமை பேத்தியின் இரண்டாவது பிறந்தநாள். ஹோல் எடுத்திருந்தோம். கரும்பச்சைப் பட்டை அலுமாரியின் அடியிலிருந்து எடுத்து உடுத்தேன். கேக் வெட்டி முடிந்து, நான் ஹோலின் நடுவில் இவரோடு நின்றேன். இவரோடு வேலை செய்த சிவம் ஒரு பக்கம் சரிந்து சரிந்து நடந்து வந்தார்.

“அண்ணை, அக்கா ஒப்பரேசன் செய்து ஒரு வரியத்திலை என்ன மாதிரி நிமிந்து நிக்கிறா, பாருங்கோ!” என்றார். “எனக்கும் இடப்பக்கம் ஹேர்னியா. இஞ்சை ஒரு டொக்டரும் சரியில்லை. அக்காவின்ர அந்த டொக்டரிட்டையே என்னையும் ஒருக்கால் சேத்துவிடுங்கோவன். எவ்வளவு நாளெண்டாலும் காத்திருக்கிறன்.”

இவருக்குக் காதுவரைக்கும் வியர்த்தது.

“அது... சிவம்... அவ பொம்பிளையளின்ர ஹேர்னியா மட்டும்தான் பாக்கிறவ.”

“பரவாயில்லை அண்ணை,” என்றார் சிவம் பணிவாக. “நான் கடைசி ஆளா வந்து படுக்கிறன்.”

கணக்கை நினைக்க நேரம் கிடைக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி வந்துவிட்டது. ஹோலில் பாட்டுப் போட்டிருந்த பெடியன் பாட்டை நிற்பாட்டினான். சாப்பாட்டு வரிசை திரும்பிப் பார்த்தது. கண்ணால் தண்ணி ஓட, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, சுவரும் இல்லாமல் நடு ஹோலில் நின்று நான் சிரித்தேன். நிறுத்தப் பார்த்தால் சிவத்தின் முகம் தெரியும், திரும்பவும் தொடங்கும். என் வாழ்க்கையில் அந்தப் பகிடியைப்போல ஒன்று இவர் விட்டதில்லை. மனுசன் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தபடி அழுதுகொண்டு நின்றார். தூரத்தில் பூமணி மச்சாள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டா.

கை தானாகச் சீலைக் கொய்யக மடிப்பைத் தொட்டுப் பார்த்தது. பட்டு காய்ந்தபடியே இருந்தது.

தாரணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சனத்தை விலக்கி ஓடி வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“அம்மா! ஆர் யூ ஓகே? என்ன சத்தம் அது?”

முப்பது வயதுக்கு மேலாகியும், அதைக் கேட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை.

“சிரிச்சனான் பிள்ளை,” என்றேன். “அம்மா சிரிச்சால் உப்பிடித்தான் கேக்கும்.”